டெஸ்மோபிரெசின்: மூலக்கூறுக்கு நல்ல மார்க், மூக்கு ஸ்பிரேக்குப் பாதிதான்

டெஸ்மோபிரெசின் மூன்று வடிவங்களில் கைக்கு வருகிறது: விழுங்கும் மாத்திரை, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் வில்லை, மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. நான்காவதாக ஊசி உண்டு, அது ஆஸ்பத்திரியோடு சரி. நான்குமே என் உடம்பில் போயிருக்கின்றன. பிராண்டு பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. டப்பா எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே மூலக்கூறு. இந்த மதிப்புரையில் பாதிக்கு மேல் அந்த மூலக்கூறைப் பற்றித்தான் இருக்கும். வேதியியல் டீச்சர் எழுதினால் அப்படித்தான் வரும்.

இது யாருக்கான மருந்து என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கட்டி இருந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். கட்டியோடு சேர்ந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோனும் போய்விட்டது. அது மூளையின் ஹைப்போதலாமஸில் தயாராகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேர்ந்திருந்து, தேவைப்படும்போது ரத்தத்தில் இறங்கும். தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவது அதுதான். அது சுரக்காதவர்களுக்கு டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று கோப்பில் எழுதிவந்தார்கள். 2022 முதல் வாசோபிரெசின் குறைபாடு என்று மாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சிறுநீரில் சர்க்கரை இருக்காது, உப்பும் பேருக்குத்தான். கிட்டத்தட்ட பச்சைத் தண்ணீர்.

சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். அதில் பெரும்பகுதியை யார் சொல்லுக்கும் காத்திராமல் அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியாக எஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் வாசோபிரெசின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் பத்தில் ஒரு பங்கு என்பதே 18 லிட்டர்! குறைபாடு முழுமையாக உள்ளவர்களில் சிலர் நாளுக்கு 10 லிட்டரைத் தாண்டிப் போவது இதனால்தான். என் வகுப்பில் ஒரு பீரியட் 45 நிமிடம். மருந்து இல்லாமல் ஒரு பீரியடை முழுதாக என்னால் எடுக்க முடியாது. தாகம் அதைவிடப் பெரிய தொல்லை. வெறும் தண்ணீர் போதாது, ஐஸ் போட்ட தண்ணீர்தான் வேண்டும் என்று நாக்கு அடம்பிடிக்கும். இந்த நோய் உள்ளவர்கள் பலரும் இதையே சொல்வார்கள்.

சரி, மூலக்கூறுக்கு வருவோம்.

இயற்கையான வாசோபிரெசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் பெப்டைடு. சிஸ்டீன், டைரோசின், ஃபீனைல்அலனின், குளூட்டமின், அஸ்பராஜின், மறுபடி சிஸ்டீன், புரோலின், ஆர்ஜினின், கிளைசின். ஒன்றாம் இடத்து சிஸ்டீனும் ஆறாம் இடத்து சிஸ்டீனும் தங்கள் கந்தக அணுக்களால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. அதனால் முதல் ஆறும் ஒரு வளையம், மீதி மூன்றும் வால். அந்தக் கந்தகப் பிணைப்பை முறித்து வளையத்தைத் திறந்துவிட்டால், ஒன்பது அமிலங்களும் அதே வரிசையில் இருந்தாலும் ஹார்மோன் வேலை செய்யாது. வாலின் நுனிக் கிளைசினில் ஒரு அமைடு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் அமிலமாக விட்டாலும் வீரியம் பெருமளவு போய்விடும். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் வரிசையை மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். நான் கேட்பதோ வடிவத்தைத்தான்.

இதே வளையம், இதே வால், இரண்டே இடத்தில் மட்டும் ஆள் மாற்றம்: மூன்றாம் இடத்தில் ஐசோலூசின், எட்டாம் இடத்தில் லூசின். அவ்வளவுதான், அது ஆக்ஸிடோசின் ஆகிவிடுகிறது. பிரசவத்தில் கருப்பையைச் சுருக்குவதும் தாய்ப்பாலை இறக்குவதும் அதன் வேலை. ஒன்பதில் ஏழு ஒன்றாக இருந்தும் வேலை இவ்வளவு வேறு. ஆனாலும் சொந்தபந்தம் முழுக்க அறுந்துவிடவில்லை. ஆக்ஸிடோசினை அதிக அளவில், நிறைய திரவத்தோடு ஏற்றினால் சிறுநீரகத்திலும் போய் ஒட்டி உடம்பில் தண்ணீரைத் தேக்கிவிடும். மகப்பேறு மருத்துவர்கள் இதற்குப் பயப்படுவது காரணத்தோடுதான். இந்த இரண்டு பெப்டைடுகளையும் ஆராய்ச்சிக்கூடத்தில் கட்டிக் காட்டியவர் வின்சென்ட் டு விக்னோ. ஆக்ஸிடோசினைத் தொகுத்தது 1953-இல், நோபல் பரிசு 1955-இல். ஒரு பெப்டைடு ஹார்மோனைச் செயற்கையாகத் தொகுத்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை.

வாசோபிரெசின் போய் உட்காரும் ஏற்பிகள், அதாவது செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், மூன்று வகை. வி1ஏ ரத்தக் குழாய்ச் சுவரின் தசையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் செல்லுக்குள் கால்சியம் ஏறி, குழாய் சுருங்கி, ரத்த அழுத்தம் உயரும். வி1பி பிட்யூட்டரியின் முன்பகுதியில் இருக்கிறது, அது வேறு ஹார்மோன் விவகாரம். எனக்கு வேண்டியது வி2. சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்களில், ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் அது இருக்கிறது. வாசோபிரெசின் அதில் ஏறியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் சொல்லும் மூலக்கூறு கூடும். உள்ளே குட்டிப் பைகளில் சுருண்டு கிடக்கும் அக்வாபோரின்-2 என்ற நீர்க் கால்வாய்ப் புரதங்கள் மறுபக்கத்துக்குப் போய், சிறுநீர் ஓடும் பக்கத்துச் சவ்வில் பதியும். தண்ணீர் அந்த வழியாக உடம்புக்குத் திரும்பும். ஹார்மோன் விலகினால் அக்வாபோரின்கள் மறுபடி உள்ளே இழுக்கப்படும். முழுக்க முழுக்கத் திருப்பக்கூடிய ஏற்பாடு. இது முக்கியம், பின்னால் புகார் சொல்லும்போது இதைத்தான் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன்.

வாசோபிரெசின் வி2-இல் உட்கார்ந்திருக்கும் நிலையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் 2021-இல் அணு அளவுக்குப் பார்த்துவிட்டார்கள். ஏற்பி சவ்வை ஏழு தடவை குறுக்கே துளைத்துப் போகும் புரதம். அந்த ஏழு சுருள்களுக்கு நடுவே ஒரு பள்ளம். ஹார்மோனின் வளையம் பள்ளத்தின் அடிவரை இறங்கியிருக்கிறது, மூன்று அமில வாலோ பள்ளத்தின் வாய்ப்பக்கம் வெளியே பார்த்துக் கிடக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் நான் தினமும் விழுங்கும் மாத்திரையின் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது. ஏனென்றால் மருந்தைச் செதுக்கியவர்களுக்கு இந்தப் படம் கிடையாது. அவர்கள் வேலை செய்தது 1967-இல், செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில். மிலன் சாவோரால் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும்.

அதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு எவ்வளவு மார்க் போடலாம் என்பது தெரியும். பிட்யூட்டரிச் சாறு சிறுநீரைக் குறைக்கும் என்று 1913-இல் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தனித்தனியாகக் கண்டார்கள். அப்புறம் விலங்குகளின் பிட்யூட்டரியை உலர்த்திப் பொடியாக்கி மூக்குப்பொடி மாதிரி இழுக்க வைத்தார்கள். மூக்கு புண்ணாகும், நுரையீரலும் கெடும். எண்ணெயில் கலந்த வாசோபிரெசின் டேனேட் ஊசி வந்தது. அடியில் தங்கிய பழுப்புத் துகளைக் காணாத அளவுக்குச் சூடாக்கிக் குலுக்கிவிட்டுத் தசையில் குத்த வேண்டும். குலுக்கத் தவறினால் வெறும் எண்ணெய்தான் உள்ளே போகும். பன்றியின் வாசோபிரெசினில் எட்டாம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் லைசின். அதையும் மூக்கு மருந்தாக்கினார்கள், ஆனால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இயற்கை ஹார்மோனை அப்படியே மருந்தாக்குவதில் இரண்டு தடங்கல்கள். ஒன்று, அது ரத்தத்தில் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு, வி2-க்கென்று அளவாகக் கொடுக்க முடியாது, வி1ஏ-யும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். முகம் வெளுக்கும், வயிற்றைப் பிசையும், அழுத்தம் ஏறும். சிறுநீர் குறைய வேண்டுமென்று போட்ட மருந்தில் இதய நோயாளிக்கு நெஞ்சு வலி வந்தால் யார் பதில் சொல்வது?

பிராக் குழு ஒன்பது அமிலங்களில் கைவைத்தது இரண்டே இடத்தில்.

முதல் திருத்தம் ஒன்றாம் இடத்தில். அந்த சிஸ்டீனின் அமினோ தொகுதியைக் கழற்றிவிட்டார்கள். வளையம் அப்படியே இருக்கிறது, கந்தகப் பிணைப்பும் இருக்கிறது, தலையில் இருந்த நைட்ரஜன் மட்டும் இல்லை. பெப்டைடுகளைத் தலைப்பக்கத்திலிருந்து கொறிக்கும் நொதிகள் முதலில் பல்லைப் பதிப்பது அந்த அமினோ தொகுதியில்தான். அது இல்லாவிட்டால் கொறிக்கத் தொடங்கவே முடியாது. இதற்கு நல்ல சாட்சி கர்ப்பகாலம். நஞ்சுக்கொடி அப்படிப்பட்ட ஒரு நொதியைத் தாயின் ரத்தத்தில் விடும். சில பெண்களுக்கு அதனாலேயே தங்கள் சொந்த வாசோபிரெசின் முழுக்கச் சிதைந்துபோய், கர்ப்பத்தின் பிற்பகுதியில் என்னைப் போலவே தாகமும் சிறுநீருமாகத் தவிப்பார்கள். அவர்களுக்கு வாசோபிரெசினையே ஏற்றினால் அதையும் அந்த நொதி தின்றுவிடும். டெஸ்மோபிரெசினை அதனால் தொட முடியாது.

இரண்டாவது திருத்தம் எட்டாம் இடத்தில். அங்கே இருந்த ஆர்ஜினினை எடுத்துவிட்டு ஆர்ஜினினையே வைத்தார்கள்! அச்சுப்பிழை இல்லை. எடுத்தது இயற்கையில் புரதங்களில் இருக்கும் எல்-ஆர்ஜினின், வைத்தது அதன் கண்ணாடி பிம்பமான டி-ஆர்ஜினின். அதே அணுக்கள், அதே எடை, அதே மின்னேற்றம். வலக்கைக் கையுறையும் இடக்கைக் கையுறையும் ஒரே துணி, ஒரே அளவு, ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது அல்லவா, அப்படி. விளைவு இரண்டு. குடலில் உள்ள டிரிப்சின் என்ற நொதி ஆர்ஜினினுக்கு அடுத்த பிணைப்பைத்தான் வெட்டும். டி வடிவம் அதற்குப் பிடி கொடுக்காது. இன்னொன்று, வி1ஏ ஏற்பி இந்த எட்டாம் இடத்தை ரொம்பக் கறாராகப் பார்க்கும், வி2 அவ்வளவு கறார் இல்லை. ஆர்ஜினின் திரும்பி உட்கார்ந்ததும் ரத்தக் குழாய் அழுத்தும் வேலை கிட்டத்தட்ட ஒழிந்துபோனது, சிறுநீரக வேலை அப்படியே தங்கியது. நீரைப் பிடிக்கும் திறனுக்கும் அழுத்தம் ஏற்றும் திறனுக்கும் உள்ள விகிதம் இயற்கை ஹார்மோனில் ஒன்றுக்கு ஒன்று என்றால், இதில் ஆயிரக்கணக்கில்.

பலர் நினைப்பதுபோல இது வி2-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடிப்பதால் வந்த பலன் இல்லை. மனித வி2 ஏற்பியில் அளந்து பார்த்தால் டெஸ்மோபிரெசினின் பிடி இயற்கை ஹார்மோனைவிடத் தளர்வுதான். ஆனால் அது ரத்தத்தில் மணிக்கணக்கில் சுற்றிவருகிறது. பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், பலன் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்கும். பிடி தளர்ந்தாலும் திரும்பத் திரும்ப வந்து உட்கார அதற்கு நேரம் இருக்கிறது. மூன்று அணுத் தொகுதி அளவுக்குக்கூட இல்லாத இந்த இரண்டு மாற்றங்களால் நான் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் எடுக்கிறேன், இரவில் தூங்குகிறேன், பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காருகிறேன். மூலக்கூறுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு.

மீதிப் பத்து மார்க் எங்கே போனது?

இயற்கை ஹார்மோன் சீக்கிரம் அழிவது ஒரு குறை மாதிரித் தோன்றும். உண்மையில் உடம்புக்கு அது வேண்டும். ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மாறினாலே ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்துவிடும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் வாசோபிரெசின் சுரப்பு குறையும், ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதும் சில நிமிடங்களில் அழியும், அக்வாபோரின்கள் உள்ளே போகும், மிச்சத் தண்ணீர் வெளியேறும். டெஸ்மோபிரெசினை விழுங்கியவருக்கு அந்த வசதி கிடையாது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வி2-இல் உத்தரவு ஓடிக்கொண்டே இருக்கும். நீடித்து நிற்பதற்காகச் செதுக்கிய அதே இடங்கள்தான் நிறுத்த முடியாமல் செய்வதும். குடித்த தண்ணீர் முழுக்க உள்ளே தங்கி ரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் முதலில் தலைவலி, குமட்டல், பிறகு குழப்பம், ரொம்ப இறங்கினால் வலிப்பு. இந்த மருந்தில் ஆளைக் கொல்லக்கூடிய முக்கிய ஆபத்து இதுதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-இல் குழந்தைகளின் படுக்கை நனைப்புக்கு ஸ்பிரேயைக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தியதும் இதற்காகத்தான்.

எங்களில் பலர் செய்வது இது: வாரத்தில் ஒரு நாளாவது அடுத்த வேளை மருந்தைத் தாமதப்படுத்துவது. மருந்தின் பலன் இறங்கும்வரை காத்திருந்து, தேங்கிய தண்ணீர் வெளியே போனதும் போட்டுக்கொள்வது. டாக்டரோடு பேசி முடிவு செய்துதான், சொந்தமாக இல்லை. மருந்து இறங்குவதை நான் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். தெளிந்த மஞ்சள் வெளிறத் தொடங்கும். அடுத்த தடவை நிறமே இருக்காது, அளவும் திடீரென்று கூடும். கொஞ்ச நேரத்தில் உதட்டின் உட்புறம் ஒட்டும், ஐஸ் நினைவு வரும். அப்போது மாத்திரை. காலையில் எழுந்ததும் எடை பார்ப்பதும் பழக்கம். ராத்திரிக்குள் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது சதை இல்லை, தண்ணீர். தாகம் இல்லாமல் குடிக்காதே என்பது எங்கள் விதி. 'உடம்புக்கு நல்லது, நிறைய தண்ணி குடிங்க' என்று அன்பாகச் சொல்லும் சக ஆசிரியர்களிடம் இதை விளக்கிச் சொல்வதற்குள் மணி அடித்துவிடும்.

இனி வடிவங்கள்.

மாத்திரைதான் என் அன்றாடம். பெப்டைடை விழுங்குவது என்பதே ஒரு துணிச்சல். இரைப்பையும் குடலும் இருப்பது புரதத்தை உடைப்பதற்குத்தானே. மேலே சொன்ன இரண்டு திருத்தங்கள் இருப்பதால்தான் இந்த மூலக்கூறு அங்கே கொஞ்சமாவது தப்பிக்கிறது. கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம்: விழுங்கிய ஆயிரம் பங்கில் ஒன்றிரண்டுதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். அதனால்தான் ஊசியில் ஒரு மைக்ரோகிராம் செய்யும் வேலைக்கு ஸ்பிரேயில் பத்து மைக்ரோகிராம் வேண்டும், மாத்திரையிலோ நூறு மைக்ரோகிராமும் அதற்கு மேலும். மாத்திரை 100, 200 மைக்ரோகிராமில் வருவதைப் பார்த்துவிட்டு, 'ஸ்பிரேயைவிடப் பத்து மடங்கு ஸ்ட்ராங்' என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் வேண்டாம். போகும் வழியில் தொலைவது அவ்வளவு. வயிறு நிறைய சாப்பிட்ட கையோடு போட்டால் உறிஞ்சப்படுவது பத்தில் நான்கு பங்கு குறையும். நான் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டுவிடுகிறேன். எப்போதும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம். ஒரு நாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் விருந்துக்குப் பிறகும் போட்டால் அளவு தடுமாறும். பாதியாக உடைக்க நடுவில் கோடு இருப்பது நல்ல வசதி. பையில் போட்டு எடுத்துப்போக வசதி. எழுபத்தைந்து மார்க்.

நாக்கடி வில்லை எனக்கு மாத்திரையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். உறைய வைத்து உலர்த்திய வெள்ளை வில்லை. விரலில் எடுத்தால் எடையே தெரியாது. 60, 120, 240 மைக்ரோகிராம் அளவுகளில் வருகிறது, ஏறத்தாழ 60 என்பது 100 மைக்ரோகிராம் மாத்திரைக்குச் சமம். தண்ணீர் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு: தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்களுக்கு ராத்திரி மாத்திரைக்கென்று ஒரு டம்ளர் குடிப்பது இடைஞ்சல்தான். ஒரே எரிச்சல் அந்த ஃபாயில். மற்ற மாத்திரை மாதிரி பின்பக்கம் அழுத்தினால் வில்லை உள்ளேயே தூளாகிவிடும். அட்டையில் ஒரு கட்டத்தைக் கிழித்துப் பிரித்து, மூலையில் நகத்தை நுழைத்து மேல்தாளை உரிக்க வேண்டும். விரல் ஈரமாக இருந்தால் வில்லை விரலிலேயே கரையத் தொடங்கும். தூக்கக் கலக்கத்தில் இதைச் செய்யச் சொல்பவர்கள் ஒரு தடவையாவது அந்த நேரத்தில் செய்து பார்த்திருக்க வேண்டும். எண்பது மார்க்.

ஸ்பிரே. மூக்குச் சவ்வு குடல் மாதிரி மூலக்கூறை வெட்டிப் போடாது, அதனால் வேகமாகவும் கூடுதலாகவும் உள்ளே போகும். அது சரிதான். ஆனால் ஜலதோஷம் பிடித்தால் எல்லாக் கணக்கும் கெடும். மூக்கடைப்பு இருக்கும் வாரத்தில் ஒரே அளவு அடித்தும் ஒரு நாள் மதியம்வரை நின்றது, மறுநாள் இரண்டாவது பீரியடுக்குள் இறங்கிவிட்டது. புது பாட்டிலை எடுத்ததும் முதலில் நாலைந்து தடவை காற்றில் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காற்றுதான் வரும். ஒரு அழுத்தத்துக்கு 10 மைக்ரோகிராம், அதற்குக் குறைவாக அடிக்க வழியில்லை. ஐந்து வேண்டியவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அளவுக்கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு. குழாயில் மருந்தைக் கோடுவரை ஏற்றி, ஒரு நுனியை மூக்கில் வைத்து மறு நுனியை வாயில் வைத்து ஊத வேண்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், அளவு மட்டும் துல்லியம்.

ஸ்பிரேயில் எனக்குப் பெரிய ஆத்திரம் ஒன்று உண்டு. பாட்டிலில் எழுதிய எண்ணிக்கை முடிந்த பிறகும் உள்ளே மருந்து ஆடும், அழுத்தினால் வரவும் வரும். ஆனால் ஒவ்வொரு அழுத்தத்திலும் வரும் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள். எத்தனை அடித்தோம் என்று காட்டும் எண்மானி மட்டும் நான் பயன்படுத்திய எதிலும் இல்லை. ஆஸ்துமா இன்ஹேலரில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் வைக்க என்ன கஷ்டமோ! நான் பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது மார்க்.

ஊசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலை செய்கிறது, உடனே செய்கிறது.

இந்த மருந்து எல்லா இடத்திலும் தாகத்துக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. வி2 ஏற்பி ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களிலும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்டு காரணியும் எட்டாம் காரணியும் வெளியே வரும். லேசான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் இதைக் கொடுக்கலாம் என்று 1977-இல் இத்தாலியில் காட்டினார்கள். சேமிப்பில் இருப்பதை வெளியேற்றும் வேலை என்பதால் அடுத்தடுத்துக் கொடுத்தால் பலன் குறைந்துகொண்டே போகும். அதற்கான அளவு வேறு, எங்கள் அளவைவிடப் பெரிது. அதைப் பற்றிய ரிவ்யூவை அவர்கள்தான் எழுத வேண்டும்.

எதிர்த்திசையில் செதுக்கியதும் உண்டு. டெர்லிபிரெசின். அதில் எட்டாம் இடத்தில் லைசின், தலையில் மூன்று கிளைசின்கள் கூடுதலாக ஒட்டியிருக்கும். உடம்பில் நொதிகள் அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கொறிக்கக் கொறிக்க, உள்ளிருந்து லைசின் வாசோபிரெசின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வி1ஏ-யில் உட்கார்ந்து குழாயைச் சுருக்கும். கல்லீரல் கெட்டு உணவுக்குழாய் நாளம் வெடித்து ரத்தம் கொட்டுபவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. நாங்கள் எதை வேண்டாம் என்று கழற்றினோமோ அதுவே அங்கே தேவை. பிராக்கில் தலையைக் கழற்றி நொதியை ஏமாற்றினார்கள், இங்கே தலையில் தீனி வைத்து நொதியையே வேலை வாங்குகிறார்கள். இரண்டில் எது புத்திசாலித்தனம் என்று கேட்டால் என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. தேர்வில் கேட்டிருக்கிறேன், மாணவர்கள் நன்றாகவே சண்டை போட்டார்கள்.

வாங்க வேண்டாம் என்று யாருக்குச் சொல்வேன்? வி2 ஏற்பியிலேயே பழுது உள்ளவர்களுக்கு. அந்த ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். ஹார்மோன் வேண்டிய மட்டும் சுரக்கும், போய் உட்காரத்தான் இடம் சரியில்லை. டெஸ்மோபிரெசின் எவ்வளவு கொடுத்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீர் குறையாது. இது எந்த வகை என்று கண்டுபிடிக்கவே டெஸ்மோபிரெசினைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. சிறுநீரகம் கணிசமாகக் கெட்டவர்களுக்கும் கூடாது, மருந்து வெளியேறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பழக்கத்தால் அளவில்லாமல் தண்ணீர் குடிப்பவர்களுக்குக் கொடுத்தால் சோடியம் பாதாளத்துக்குப் போகும். வலி மாத்திரைகளில் சிலவும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும், வலிப்பு மருந்தான கார்பமாசிபினும் இதோடு சேர்ந்தால் அதே ஆபத்தைக் கூட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் டெஸ்மோபிரெசின் எடுக்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வேறொரு விஷயத்துக்காக ஒரு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவந்தது. கோப்பில் டயாபடீஸ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கொரு தரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். என் மாத்திரையை மட்டும் 'டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் தரலாம்' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரவுண்ட்ஸ் வருவதற்குள் சிறுநீர் அளக்கும் ஜாடி மூன்று தடவை நிரம்பியதைப் பார்த்து, பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண்தான் ஓடிப்போய் மூத்த டாக்டரைக் கூட்டிவந்தாள். அப்போதிருந்து என் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் பார்த்த சோடியம், 'இந்த மருந்தை நிறுத்தக் கூடாது' என்ற வரி. மாத்திரை அட்டையில் பாதியையும் அதோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைப்பேன். ஸ்பிரே மட்டுமே கிடைக்கும் நிலை வந்தால், அதையும் வாங்கிக்கொள்வேன், பிளாஸ்திரியும் பேனாவும் தயாராக இருக்கின்றன.